மதினியும் சிவப்பெழுத்தும்

கம்ப்யூட்டர் திரையில் சிவப்பாக ஏதாவது வந்துவிட்டால் எங்கள் மதினி இரண்டு கையையும் விசைப்பலகையிலிருந்து எடுத்துவிடுவார். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்து வெளியே போய்விடுவார். ஓட மாட்டார். திரும்பிப் பார்க்கவும் மாட்டார். முதல் தடவை அப்படிப் போனபோது பாத்ரூமுக்குப் போயிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

நான் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் என் சென்டர் இருக்கிறது. பழைய மெஷின்கள், கரண்ட் போனால் கத்துகிற ஒரு யுபிஎஸ், விசைப்பலகை இடுக்கெல்லாம் புழுதி. டிகிரி முடித்தவர்கள், முடிக்காதவர்கள், கல்யாணத்துக்கு நாள் பார்த்திருக்கிற பெண்கள் என்று எல்லோரும் வருவார்கள். கொஞ்ச வருஷமாக, பைத்தான் என்கிற ப்ரோகிராம் மொழியைக் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். எனக்கு வாய் நீளம் என்று தெருவில் பெயர். ஆனால் பிள்ளைகளைத் திட்ட மாட்டேன், மெஷினைத்தான் திட்டுவேன்.

திட்டாமல் என்ன செய்வது? அடைப்புக்குறி ஒன்றை ஒரு வரியில் மூட மறந்திருப்பாள் பிள்ளை. மெஷின் அதற்கு அடுத்த வரியில் தப்பு என்று சொல்லும். அந்த அடுத்த வரி அது பாட்டுக்கு நன்றாகத்தான் இருக்கும். பிள்ளை அதைப் போய் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருப்பாள். தப்பு செய்தது ஒருத்தன், அடி வாங்குவது பக்கத்து வீட்டுக்காரன். வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் நேராக இருந்த மேற்கோள் குறி வளைந்திருக்கும். நம் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, அதற்கு மட்டும் தெரியும். சரி, தப்பு இன்னது என்று ஒரு வார்த்தையில் சொல்லுமா என்றால் அதுவும் இல்லை. தான் எங்கெங்கே போய் வந்தோம் என்ற ஊர்க்கதையை எல்லாம் மேலே எழுதிவிட்டு, விஷயத்தைக் கடைசி வரியில் வைக்கும். அதையும் இங்கிலீஷில் வைக்கும். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் வரியிலேயே முகம் செத்துப்போகும். "எனக்கு மண்டையில ஏறல அக்கா" என்று சொல்லிவிட்டு மறுவாரம் வராமல் போனவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு மண்டை நன்றாகத்தான் இருந்தது. இந்தக் கருவிகளைச் செய்கிறவர்களில் ஒருவராவது, முதல்முறையாக உட்காருகிற ஒருவருக்குப் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

மதினி என் அண்ணன் மனைவி. புதூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அண்ணனுக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. மழை பெய்யாவிட்டால் அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுவார், பெய்தாலும் ஓட்டுவார். கோவில்பட்டியில் நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து மதினிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊர் ஆபீஸில் குச்சியும் மருந்தும்தான். அந்த வேலைக்கு நடுவிலேயே தபால்வழியில் பி.காம். முடித்தார். "டிகிரி வாங்கி தீப்பெட்டிக்குள்ள போட்டு வைக்கப் போறியளா" என்று கேலி பேசியவர்கள் உண்டு. கேலி பேசியவர்கள் சொன்னபடிதான் நடந்தது.

முதலில் பெட்டிக்குள் குச்சி அடைக்கிற இடத்தில் இருந்தார். ஆள் குறைந்தபோது மருந்து முக்குகிற கொட்டகைப் பக்கம் மாற்றினார்கள். குச்சி அடுக்கி மருந்தில் முக்கி எடுத்த மரச் சட்டங்களை வாங்கி உலர வைப்பது அவர் வேலை. அங்கே போன பிறகுதான் இளைப்பு ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் நின்று நின்று ஏறுவார். பேச ஆரம்பித்தால் வாக்கியம் முடிவதற்குள் மூச்சு முடிந்துவிடும். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, மருந்து வாசனை இனிமேல் ஆகவே ஆகாது, வேறு வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னார் மதினி. சொல்லிவிட்டு, "வேற வேலன்னா, அவிய தருவாவளாமா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில்தான் எட்டயபுரம் சாலையில் ஒரு சின்ன கம்பெனி வந்தது. தலைமை ஆபீஸ் சென்னையில். உள்ளூர்ப் பெண்களை எடுக்கப்போகிறார்கள், ஏதாவது ஒரு டிகிரி போதும் என்று பேச்சு. எங்கிருந்தோ வருகிற தகவல்களைச் சரிபார்த்து, ஒழுங்குபடுத்தி அனுப்புகிற வேலை. ஆனால் சின்ன அளவில் ப்ரோகிராம் எழுதத் தெரிய வேண்டும், அதற்கு ஒரு தேர்வு. வயதுக்கும் ஒரு எல்லை வைத்திருந்தார்கள். மதினி அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் கடைசியாக நின்றார். இந்த ஒரு தடவைதான், அடுத்த முறை ஆள் எடுத்தால் இவருக்கு வயது தாண்டிவிடும்.

மதினிக்கு அந்தக் கம்பெனியைப் பற்றி வேறு எதுவும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று கேட்கவில்லை. "உள்ள தூசி இருக்காதுல்லா தாயி?" என்று மட்டும் கேட்டார். கண்ணாடிக் கதவு போட்ட ஏசி ரூம் என்றேன். "அப்ப படிச்சிருதேன்" என்றார்.

கொட்டகை வேலை முடிந்து சாயங்காலம் நேராக சென்டருக்கு வருவார். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் விசைப்பலகையைத் தொடுவார். முதல் நாள், பெயரைக் கேட்டு வணக்கம் சொல்கிற ஒரு சின்ன ப்ரோகிராம் போட்டுக் கொடுத்தேன். ஓட்டினார். மெஷின் பெயருக்காகக் காத்திருந்தது. காத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, வெறும் கோடு ஒன்று மினுக் மினுக் என்று நின்றது. மதினியும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மற்ற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தால் இரண்டும் அப்படியே இருந்தன.

"என்ன மதினி, சும்மா இருக்கீங்க?"

"அது யோசிக்குது போல. நாம எதுக்குத் தொந்தரவு செய்யணும்?"

"அது உங்க பேருக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

"கேக்கலையே" என்றார் மதினி. நியாயமான பேச்சு. வாசலில் வந்து நிற்கிற பிச்சைக்காரர்கூட அம்மா தாயே என்று குரல் கொடுக்கிறார். இதற்கு அந்த மரியாதைகூடத் தெரியவில்லை.

சிவப்பெழுத்து வந்தது அதற்கு மறுநாளோ அடுத்த நாளோ. ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். திரையில் நாலைந்து வரி சிவப்பாக விழுந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலி. கொஞ்ச நேரம் கழித்துத் தேடிக்கொண்டு கீழே போனால், ஜெராக்ஸ் கடை வாசலில் சுவர் ஓரமாக நிற்கிறார்.

"ஏன் மதினி இங்க நிக்கீங்க?"

"செவப்பா வந்துச்சி."

"வந்தா என்ன, அது வெறும் எழுத்து. நெருப்புன்னா வாய் வெந்துருமா?" என்று சிரித்தேன். மதினி சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"அங்கன ஒரு கட்டு கொப்புன்னு புடிச்சிக்கிச்சின்னா, மொதல்ல கைய எடுக்கணும். அப்புறம் எந்திரிக்கணும். ஓடப்படாது. ஓடுனா சேல எதுலயாவது உரசும். வெளிய போயி ஒரு ஓரமா நிக்கணும். மேஸ்திரி வந்து, ஒண்ணுமில்ல, உள்ள வாங்கன்னு சொல்லுதவரைக்கும் யாரும் உள்ள வரப்படாது. வேலைக்குச் சேந்த அன்னைக்கி இத்தான் மொதல்ல சொல்லித்தந்தாவ. குச்சி அடைக்கதெல்லாம் அப்புறந்தான்."

"நீங்களே எட்டிப் பாத்துட்டு, சின்னதா இருந்தா அணைச்சிட்டு உக்கார வேண்டியதுதானே?"

"அப்பிடி நெனச்சவ ஒருத்தி இருந்தா தாயி. எம் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. சின்னதாத்தான் புடிச்சிச்சி. கட்டு வீணாப் போனா ஏச்சு விழுமேன்னு கைய வச்சி அமுக்குனா. நான் கைய எடுத்தேன், அவ வச்சா." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இப்பவும் அவளுக்கு அவ பிள்ளதான் சோறு ஊட்டி விடுது."

அதற்குப் பிறகு நான் அந்தப் பழமொழியை யாரிடமும் சொல்வதில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. சென்டர் மெஷினில் நிறத்தை மாற்றிவிடலாம், தப்பு வந்தால் நீலமாகக் காட்டட்டும் என்றேன். ஒரு நிமிஷ வேலைதான். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "பரிச்சைக்கிப் போற இடத்துல எவிய மாத்தித் தருவாவ? செவப்பாவே இருக்கட்டும். பழகிக்கிடுதேன்" என்றார். அவர் பயந்தவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கையை எடுத்ததால்தான் கை இருக்கிறது என்று தெரிந்தவர், அதே கையைச் சிவப்புக்கு முன்னால் வைத்துப் பழகுகிறேன் என்றார். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. எனக்கு இன்றைக்கும் கரப்பான் பூச்சியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறத்தான் தெரியும்.

பழகினார். சிவப்பு வந்ததும் கை தானாக மேலே எழும்பும். நான் எங்கே இருந்தாலும் அங்கிருந்தே, "ஒண்ணுமில்ல மதினி, இருங்க" என்று குரல் கொடுப்பேன். கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கும், பிறகு மெதுவாக இறங்கும். கடைசி வரியைப் படியுங்கள், மேலே உள்ளதெல்லாம் ஊர்க்கதை என்று சொல்லிக்கொடுத்தேன். விரலை வைத்துக் கடைசி வரியைப் படிப்பார். எந்த வரியில் தப்பு என்று எண்ணைப் பார்ப்பார். அதற்கு மேல் வரியையும் பார்ப்பார், ஏனென்றால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் கதையை அவருக்குச் சொல்லியிருந்தேன். நாளாக நாளாக நான் குரல் கொடுப்பதற்கு முன்னாலேயே, "ஒண்ணுமில்ல, இரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது கேட்கும். மற்ற பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். யாருக்குச் சிவப்பு வந்தாலும் ஒருத்தி மதினியின் குரலில் "ஒண்ணுமில்ல, இரு" என்பாள், சென்டரே சிரிக்கும்.

தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்னால் தானாகவே ஒரு ப்ரோகிராம் எழுதினார். கோவில்பட்டி, புதூர், விளாத்திகுளம் மூன்று இடத்திலும் போன வருஷம் பெய்த மழையைப் பழைய பேப்பரில் பார்த்துப் பார்த்து உள்ளே ஏற்றி, எந்த மாதம் எங்கே அதிகம் பெய்தது என்று சொல்ல வைத்தார். விடையைத் தமிழில் வரும்படி எழுதியிருந்தார். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார். அண்ணன் லோடு இறக்கிவிட்டு வந்த வேர்வையோடு குனிந்து பார்த்து, "ஐப்பசியில அதிகம்னு போட்டிருக்கு. இது எனக்கே தெரியுமேட்டி" என்றார். மதினி இருமிக்கொண்டே சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. இந்த வேலை அவருக்குக் கிடைத்துவிடும் என்று நான் அன்றைக்குத்தான் முழுசாக நம்பினேன்.

தேர்வன்று அண்ணன் லோடு ஆட்டோவிலேயே மூன்று பேரும் போனோம். மதினி மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தார். கேட்டுக்கு உள்ளே எழுதுகிறவர்கள் மட்டும்தான் போகலாம் என்றார்கள். அண்ணன் லோடுக்குப் போய்விட்டார், நான் சென்டருக்குப் போய்விட்டு முடிகிற நேரத்துக்கு வருவதாகச் சொன்னேன்.

நேரத்துக்கு முன்னாலேயே வந்தேன். இருப்புக் கொள்ளவில்லை. கேட்டை நெருங்கும்போதே அந்த மாம்பழ நிறம் தெரிந்தது. காம்பவுண்டுச் சுவர் ஓரமாக, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி வெயிலில் நிற்கிறார். வேறு யாரும் வெளியே இல்லை. அதற்குள் முடித்துவிட்டாரா என்று எனக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது.

"முடிச்சிட்டீங்களா மதினி?"

"இல்ல தாயி. செவப்பா வந்துச்சி."

"எத்தன வரி? கடைசி வரியப் படிச்சீங்களா?"

"நம்ம சென்டர்ல வருத மாதிரி இல்ல. திரை பூரா செவப்பு. எழுத்து மட்டுமில்ல, பின்னாடியெல்லாம் செவப்பு. ஒண்ணுமில்ல இருன்னு சொல்லிப் பாத்தேன். படிக்கவும் செஞ்சேன்." மூச்சு வாங்கினார். "வார்னிங்குன்னு போட்டிருந்துச்சி."

இங்கிலீஷில் மதினிக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை அதுதான். மருந்துக் கொட்டகைச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. மருந்து வருகிற டப்பா ஒவ்வொன்றிலும் இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் தப்பு என்றால் குச்சி கோணலாக இருக்கிறது, பெட்டி ஒட்டவில்லை, ஏச்சு வாங்கிவிட்டுத் திரும்பச் செய்யலாம். எச்சரிக்கை என்றால் உயிர். ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் உலகத்தில் தலைகீழ். அங்கே தப்பு வந்தால்தான் வேலை நிற்கும். எச்சரிக்கையை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எங்கள் சென்டர் மெஷின்களில் இருப்பது மென்பொருளின் பழைய பதிப்பு, அதில் இந்த மாதிரி எதுவும் வந்ததே கிடையாது.

"எப்ப வெளிய வந்தீங்க?"

"வந்து வெகு நேரமாச்சி."

"பெறவு ஏன் உள்ள போகல?"

மதினி என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். "யாராவது வந்து கூப்பிடுவாவன்னுதான் நிக்கேன்" என்றார்.

நான் கேட்டுக்கு ஓடினேன். காவலுக்கு இருந்தவரிடம், அண்ணாச்சி, இன்னும் நேரம் இருக்கு, இவியள உள்ள விடுங்க என்று கெஞ்சினேன். எழுந்து போனவர்களைத் திரும்ப விடக் கூடாது என்று சொல்லியிருப்பதாகச் சொன்னார். அவரும் நல்ல மனுஷர்தான், முகம் வாடித்தான் சொன்னார். நான் கத்த ஆரம்பித்தேன். சென்னைக்காரர்களை, ஏசி ரூமை, சிவப்பை, எல்லாவற்றையும் ஏசினேன். மதினி வந்து என் கையைப் பிடித்தார்.

"சத்தம் போடாத தாயி. உள்ள பிள்ளைக எழுதிக்கிட்டிருக்கு" என்றார்.

அதன் பிறகு மதினி சென்டருக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை, கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டேன். வீட்டில் அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, அண்ணன் ஏதோ கேட்டதற்கு, "எனக்கு அது வராதுங்க. வராததப் போயி வரும்னு நெனச்சிட்டேன்" என்று சொன்னது அடுக்களையிலிருந்து காதில் விழுந்தது. அந்தப் பேச்சில் அழுகை எதுவும் இல்லை. முடிந்துபோன ஒரு விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார். பழைய கொட்டகைக்கே வேலைக்குப் போனார்.

தீபாவளி கழிந்து ஒருநாள் அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவர் என் சென்டருக்கு வந்தார். தேர்வை நடத்தியவர் அவர்தான். சின்ன வயசு, திருநெல்வேலிப் பக்கம். மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள், இந்தத் தடவை இன்னும் வயது குறைந்த பிள்ளைகளாக வேண்டும், உங்களிடம் படித்தவர்கள் இருந்தால் அனுப்புங்கள் என்றார். நான் மதினியைப் பற்றிக் கேட்டேன். நடுவில் எழுந்து போனவர் என்று சொன்னதுமே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அவங்களா? ஐயோ மேடம், நானே உங்களக் கேக்கணும்னு இருந்தேன். அவங்க ஏன் எந்திரிச்சிப் போனாங்க? ப்ரோகிராம் சரியா ஓடியிருந்துச்சே."

என் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். திரும்பக் கேட்டேன்.

"முழுசா ஓடியிருந்துச்சி மேடம். விடை அந்தச் செவப்புக்குக் கீழ இருந்துச்சி. கொஞ்சம் கீழ தள்ளிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். அனுப்புற பட்டன அமுக்காமப் போயிட்டாங்க. நேரம் முடிஞ்சதும் அதுவா மூடிக்கிச்சி."

"நீங்க பாத்தீங்கல்லா? பாத்தவிய மார்க் போட வேண்டியதுதானே? திரும்ப ஒரு தடவ எழுத விடுங்களேன்."

"எல்லாம் சென்னையில மேடம். அவங்க லிஸ்ட்ல எழுதாதவங்கன்னுதான் வந்திருக்கும். இப்ப வயசும் தாண்டியிருக்கும்" என்றார். சங்கடப்பட்டுத்தான் சொன்னார். டீ வாங்கித் தந்தேன், குடித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் ஒரு மெஷினில் புதிய பதிப்பை ஏற்றினேன். தேர்வில் கேட்டது மாதிரி, ஒரு பட்டியலைச் சரிபார்த்துக் கடைசியில் கூட்டுகிற கணக்கை, மதினிக்கு நான் சொல்லிக்கொடுத்த அதே முறையில் எழுதி ஓட்டினேன். வந்தது. மேலிருந்து கீழ் வரை இளஞ்சிவப்புப் பட்டை, அதற்குள் நெருக்கமாக இங்கிலீஷ். ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. சங்கதி இதுதான். இப்படி எழுதுகிற முறை இனி வரப்போகும் பதிப்புகளில் மாறலாம், இப்போதைக்கு ஒன்றும் இல்லை. என்றைக்கோ ஒருநாள் வரப்போகிற மாற்றத்துக்கு இத்தனை சிவப்பு. கீழே தள்ளிப் பார்த்தேன். விடை இருந்தது. கறுப்பு எழுத்தில், ஒரே வரியில், பேசாமல் இருந்தது.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அந்தச் சிவப்பைக் காட்டுகிற மென்பொருளைச் செய்கிறவர்களிடம் குறை சொல்ல ஒரு இணையப் பக்கம் இருக்கிறது. அதில் இங்கிலீஷில் எழுதினேன். ஒன்றும் இல்லாத சங்கதியை ஆபத்து மாதிரி காட்டாதீர்கள், விடையை மேலே வையுங்கள், புதிதாக வருகிறவர்கள் பயந்து எழுந்து போகிறார்கள் என்று எழுதினேன். மதினியைப் பற்றி எழுத மனம் வரவில்லை. சில நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். எழுதியதற்கு நன்றி சொல்லியிருந்தார்கள். இது பிழை அல்ல, வெறும் தகவல், பயன்படுத்துகிறவர்கள் கண்டுகொள்ளாமல் விடலாம், வேண்டாம் என்றால் ஒரே ஒரு வரி சேர்த்து மறைத்துக்கொள்ளலாம் என்று அந்த வரியையும் தந்திருந்தார்கள். அந்த வரியை எழுதத் தெரிந்தவர் எதற்கு அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயப்படப் போகிறார்? அதைத் திரும்ப எழுதிக் கேட்கலாம் என்று பார்த்தேன். என் குறை தீர்ந்துவிட்டது என்று குறித்து, அந்த இடத்தை மூடியிருந்தார்கள்.

மதினியிடம் சொல்வதா வேண்டாமா என்று சில நாள் என் மனசு அல்லாடியது. அண்ணனைக் கேட்டேன். "உனக்குத் தெரியும்ல, நீ பாத்துச் சொல்லு" என்று நழுவிக்கொண்டார். வராததைப் போய் வரும் என்று நினைத்துவிட்டேன் என்று மதினி சொன்னதுதான் எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. அது பொய். அந்தப் பொய்யோடு அவரை விட்டுவைக்கக் கூடாது என்று பட்டது. வந்துவிட்டது, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மதினி நடையில் உட்கார்ந்து சொளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். தூசி போகாமல் இருக்க மூக்கைச் சுற்றி ஒரு துண்டு கட்டியிருந்தார். கண் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனிக்காரர் சொன்னதைச் சொன்னேன், நானே ஓட்டிப் பார்த்ததைச் சொன்னேன். சொளகு நின்றுவிட்டது.

"எல்லாஞ் சரியா?" என்று கேட்டார்.

"எல்லாஞ் சரி மதினி. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."

"கடைசியில கூட்டுனது?"

"அதுவுந்தான். விடை கீழயே இருந்திருக்கு."

மதினி துண்டை மூக்கிலிருந்து இறக்கினார். அழப்போகிறார் என்று நினைத்தேன், அழவில்லை. மூச்சு சீராக வருவதற்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன், பிறகுதான் பேசினார்.

"இத நீ சொல்லாம இருந்திருக்கலாம் தாயி. நமக்குப் படிப்பு வராதுன்னு நெனச்சிக்கிட்டு நான் நிம்மதியா அந்தக் கொட்டகைக்கிப் போயிட்டிருந்தேன்."

துண்டை மறுபடியும் ஏற்றிக் கட்டிக்கொண்டு சொளகை எடுத்தார். மறுநாள் காலையில் அவருக்கு மருந்துக் கொட்டகையில்தான் வேலை.